நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு

ஹபீபுர் ரஹ்மான் தொட்டிக்குள் இறக்கிய வாளி அடித்தரையில் உரசியது. அறைக்குள் இருந்த ஜமீலுன்னிசாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இறந்துபோன அவள் கணவர் வலியுல்லாவின் மய்யத்தைக் குளிப்பாட்டுபவர்கள் கூடத்தில் காத்திருந்தார்கள். நண்பகல் லுஹர் தொழுகைக்கு எடுக்க வேண்டும்.

"பாபி, சொட்டுத் தண்ணி இல்ல. எங்கனா புடிச்சு வெச்சுகிறீங்களா?" என்று கொழுந்தனார் ஹபீபுர் கதவோரம் நின்று கேட்டார்.

மொட்டைமாடியில் ஒரு டிரம் நிறைய இருந்தது. அது நெல்லுக்கு.

நர்ஸிங் ஹோமில் முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவர் வலியுல்லா. ஓய்வுபெற்றதும், பழைய குளுக்கோஸ் குழாய்களைக் கழுவி, மாடி டிரம்மிலிருந்து, நெல் நட்ட பதினாறு எண்ணெய் டின்களுக்கு இழுத்துவிட்டார். தண்ணீர் தேங்காமலே நெல் விளையும் என்றார். குழாயின் சக்கரத்தைத் திருகி, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணுவார். பேஷண்ட்டுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் படியேறுவார். குடிக்கவே குடத்தோடு வரிசையில் நிற்கிறோம், இவருக்கு வயல் கேட்கிறதா என்று அவள் ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் தன் கையில் ஏறிய ட்ரிப்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகமா போவுது. எட்டுல வை."

பிதற்றுகிறார் என்று நர்ஸ் நகர்ந்துவிட்டாள். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நெல்லு பால் புடிக்கிற நேரம், ஜமீலா. காயவுட்டா பதராப் பூடும்."

அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

"மாடில ஒரு டிரம் கீது," என்றாள் கடைசியாக.

ஹபீபுர் தயங்கினார். "அது அண்ணன் நெல்லுக்கு..."

"அவருக்குத்தான எடுக்குற. ஒரு கொடம் மட்டும் வுட்டுடு."

ஜனாஸாவைத் தூக்கிப் போனார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, வந்திருந்த பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கணவன் இறந்து இத்தாவில் இருப்பவள் வாசல் தாண்டக்கூடாது என்று நினைவுபடுத்திவிட்டே போனார்கள். மாடிப்படி வீட்டுக்குள்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் உறையில் போட்டுக் கொடுத்த அவருடைய கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஏறினாள். கதிர்கள் லேசாகத் தலைசாய்ந்திருந்தன. டிரம்மின் அடியில் ஒரு குடத்தளவு தண்ணீர் கிடந்தது.

முதல் டின் அருகே உட்கார்ந்து சக்கரத்தைத் திருகினாள். விநாடி முள் ஒரு சுற்று முடிப்பதற்குள் பதினொன்று விழுந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.