செல்லச் சாய்ப்பு

பள்ளி அடையாள அட்டைக்காக மகளை ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினேன். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதுதான் என் பிழைப்பு. கையை எடுத்ததும் அவள் தலை பழையபடி இடது தோள் பக்கம் சாய்ந்தது.

"நேரா பாரு கண்ணு."

"நேரா வச்சா ரெண்டு அப்பா தெரியுதுப்பா."

விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆறு வயதுவரை அந்தச் சாய்ப்பைச் செல்லம் என்றே நினைத்திருந்தோம். தலையைச் சாய்த்து அவள் எதைக் கேட்டாலும் எங்களுக்கு மறுக்க வாய் வராது. "ஆளைக் கவுக்கிறதுல கைகாரி," என்பாள் மனைவி. ஊரார் தலையையெல்லாம் நிமிர்த்துகிறவனுக்குச் சொந்த மகளின் தலை கண்ணில் படவில்லை. என் தொழில் லட்சணம் அப்படி.

கண் டாக்டரம்மா அவள் தலையை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்துப் பார்த்தார்.

"கழுத்துல ஒண்ணுமில்லைங்க. வலது கண்ணைக் கீழே இறக்குற தசை பிறவியிலேயே பலவீனம். தலையைச் சாய்ச்சாதான் அவளுக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணா சேரும். எதிர்த்து மேல இழுக்குற தசையை ஆபரேஷன்ல கொஞ்சம் தளர்த்திவிடலாம்."

"இப்படியே விட்டா?" என்றாள் மனைவி.

"முகம் ஒரு பக்கமா கோணலா வளரும்."

கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் அன்று அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் செருப்பைக் கையில் வைத்தபடி நின்றேன்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, சாய்ப்பு போயிட்டா நம்ம பொண்ணு யாரோ மாதிரி ஆயிடுவாளோ?"

"லூசு மாதிரி பேசாதே," என்றேன். எனக்கும் அதே பயம்தான்.

கண்ணின் சிவப்பு வடிந்து, சில வாரங்கள் கழித்து மறுபடி காட்டப் போனோம். டாக்டரம்மா விரலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "நல்லா சேர்ந்திருக்கு. பழக்கத்துல எப்பவாவது சாய்ப்பா, திட்டாதீங்க."

அவள் சாய்க்கவே இல்லை. வெளியே வந்ததும் எங்களுக்கு நடுவே நின்று, ராணி மாதிரி நிமிர்ந்து, பலூன் வேண்டும் என்றாள். மறுக்க எங்களுக்கு இப்போதும் வாய் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

"அப்பா, அங்க பாருங்க," என்று வாசல் கண்ணாடிக் கதவைக் காட்டிச் சிரித்தாள்.

கண்ணாடியில் அவள் நேராக நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நானும் மனைவியும், ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு.