இரண்டும் ஒரே பையில்

வேலணையில் றஜீபன் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் காண்பது அந்தக் கறுப்புப் பையைத்தான். வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள். சண்டை முடிந்து பதினாறு வருசமாகிவிட்டது. ஆனாலும் வானம் கொஞ்சம் இருண்டால் மனிசனின் கை தானாக அதைத் தொட்டுப் பார்க்கும். “என்ன றஜீபன், திரும்ப இடம்பெயரப் போறியோ?” என்று ஊரில் பகிடி பண்ணாத ஆள் இல்லை. பண்ணட்டுமே! பகிடி பண்ணியவர்களின் கதவுக்குப் பின்னாலும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள், தெரியும்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடியபோது அவனுக்குப் பதினொரு வயது. அம்மா வீட்டுப் படங்களை இரண்டாகப் பிரித்தாள். பாதியைப் பத்திரம் என்று மாமா வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். மீதியைக் கையில் கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, மாமா வீட்டுக்குக் கூரையும் இல்லை. அப்பாவின் கலியாணப் படம் அதோடு போயிற்று. கையில் இருப்பதுதான் எங்களுடையது, மற்றவன் வீட்டில் வைத்தது போனதுதான் என்று அன்றைக்கே அவன் மனதில் எழுதிக்கொண்டான்.

அவனுடைய ஒரே மகள் தனுசியா பத்தொன்பது வயதில் போய்விட்டாள். டெங்குக் காய்ச்சல். ஐந்தே நாள். தலைமாட்டில் வைக்க ஒரு நல்ல படம் தேட அப்போது யாருக்கு நிதானம் இருந்தது? அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். சுவரில் இன்றைக்கும் அதுதான். சிரிப்பில்லாத முகம். “இது அவள் இல்லை” என்று அம்மாக்காரி நிலாந்தினி அந்தப் பக்கமே பார்க்கமாட்டாள்.

பார்க்காமல் அவள் வேறொரு வேலை செய்தாள். சண்டைக்கு நடுவில் வந்த சமாதான காலத்தில் பிரான்சிலிருந்து வந்த அவளின் அண்ணன் விட்டுப்போன கமரா, மூன்று பழைய போன்கள், ரீச்சர்மார் எடுத்த விளையாட்டுப் போட்டிப் படங்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக லப்டொப்பில் ஏற்றினாள். எட்டு மாதம். கந்தோர் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்த கையோடு உட்காருவாள். ஒவ்வொரு வருசத்துக்கும் லப்டொப்பில் ஒரு ஃபோல்டர். முப்பத்தோராயிரம் படம். அந்த வேலைதான் அவளை உயிரோடு வைத்திருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

“மூண்டு இடத்திலை வைக்கவேணுமாம். ஒண்டு வீட்டிலை, ஒண்டு வேறை ஊரிலை, ஒண்டு இன்ரநெற்றிலை” என்றாள்.

பழைய வருசத்திலிருந்து ஒவ்வொன்றாக இன்ரநெற்றில் ஏற்றத் தொடங்கினாள். தீவில் சிக்னல் ஆமை வேகம். பத்தில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும், ஒருநாள் அவள் கந்தோருக்குப் போன நேரம் றஜீபன் அதை நிற்பாட்டிவிட்டான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் வைக்கிறதாவது! முழுக்க ஏறியிட்டுது என்று அவளிடம் சொன்னான்.

பிறகு அவள் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினாள். இரண்டிலும் எல்லாப் படமும். “ஒண்டை நயினாதீவிலை மச்சாளிட்டைக் குடுத்திட்டு வாங்கோ” என்று அனுப்பினாள்.

அவன் போனான்தான். குறிகட்டுவானில் படகேறி, மடியில் வைத்துப் பொத்திப் பிடித்துக்கொண்டு போனான். அக்கா சுலோஜனா மீன்குழம்போடு சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவளுடைய அலுமாரியைப் பார்த்தான். பழைய அலுமாரி. அவ்வளவுதான், பாதிச் சோற்றோடு கையைக் கழுவினான். வந்த விசயத்தையே சொல்லாமல் எழும்பி வந்துவிட்டான்.

“குடுத்தாச்சோ?” என்று நிலாந்தினி கேட்டாள்.

“ஓம், ஓம். அலுமாரியிலை வைச்சுப் பூட்டினவ.”

இரண்டு டிஸ்க்கும் கறுப்புப் பையின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவளோ அவன் சொன்னதை நம்பி, இடம் காணாதென்று லப்டொப், கமரா, போன்கள் எல்லாவற்றிலும் இருந்த படங்களை அழித்துவிட்டாள். மூன்று இடத்தில் இருக்குத்தானே, பிறகென்ன?

கார்த்திகையில் புயல் வந்தது. பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். றஜீபன் பையைத் தோளில் போட்டான், நிலாந்தினியைப் பின்னால் ஏற்றினான், மோட்டார் சைக்கிளை எடுத்தான். பள்ளமான இடத்தில் கடல்தண்ணி றோட்டைக் குறுக்கறுத்து ஓடியது. நடுவில் சில்லு வழுக்கிற்று. இரண்டு பேரும் தண்ணிக்குள். நிலாந்தினியை இழுத்துக்கொண்டு போனது ஓட்டம். அவன் பையை விட்டான், அவளைப் பிடித்தான்.

மறுநாள் பை வடலிப் பனைகளுக்குள் சிக்கிக் கிடந்தது. காணி உறுதி கூழாகியிருந்தது. அவன் அடியில் கைவிட்டு ஊறிப்போன இரண்டு டிஸ்க்கையும் தொட்டுப் பார்த்தான், பையை மூடினான், தலையில் கைவைத்துக் குந்திவிட்டான். நிலாந்தினி பக்கத்தில் வந்து குந்தினாள்.

“ஏன் இப்பிடி அழுறியள்? ஒண்டு போனால் போகட்டும். மச்சாளிட்டை மற்றது இருக்குத்தானே. என்னைப் பிடிச்சியளே, எனக்கு அது காணும்.”

ஐயோ, அந்தச் சொல்லுக்குப் பதிலாக அவள் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்கு அவளுக்குத் தெரியாமல் இரண்டையும் கொண்டு போனான். கடைக்காரன் திறந்து பார்த்தான். உள்ளே உப்பு பூத்திருந்தது. “ஏலாது அண்ணை. கொழும்புக்கு அனுப்பினாலும் ஏலாது.” பிறகு ஒன்றைக் கேட்டான். “ரெண்டையும் ஏன் ஒண்டா வைச்சனீங்கள்?”

அவன் இரண்டையும் பொறுக்கிப் பையில் போட்டான். எழும்பி வந்தான்.

தையில் மகளின் இரண்டாவது திவசம் வந்துகொண்டிருந்தது. “சிரிக்கிற படமொண்டை எடுத்துப் பெரிசாக்கிச் சுவரிலை மாட்டுவம். மச்சாளிட்டைப் போய் வாங்கி வாங்கோ” என்றாள் நிலாந்தினி. கடல் கொந்தளிப்பு என்றான். படகு ஓடவில்லை என்றான். அக்கா கொழும்புக்குப் போயிட்டா என்றான். கடைசியில் ஒருநாள் அவளே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “வாங்கோ, நானும் வாறன்.”

குறிகட்டுவானில் படகு நின்றது. சனம் ஏறிக்கொண்டிருந்தது. நிலாந்தினி ஒரு காலைப் படகில் வைக்கப் போனாள். அவன் அவளுடைய கையைப் பிடித்தான்.

“நிலா, ஏறாதையும். அக்காட்டை ஒண்டும் இல்லை. நான் குடுக்கேல்லை. ரெண்டும் பைக்குள்ளைதான் இருந்தது.”

அவள் காலைப் பின்னுக்கு எடுத்தாள். படகு கிளம்பிப் போகும்வரை அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள், “அப்ப இன்ரநெற்றிலை ஏத்தினது? அது முழுக்க இருக்குத்தானே?”

அவன் தலையைக் குனிந்தான். “நான் இடையிலை நிப்பாட்டிப்போட்டன்.”

அவள் இறங்குதுறைப் படியிலேயே குந்தினாள். போனை எடுத்தாள். கடவுச்சொல் இரண்டு தரம் பிழைத்தது. படங்கள் மெல்ல மெல்ல வந்தன. தொட்டிலில் தனுசியா. தவழுகிற தனுசியா. வாயெல்லாம் மாம்பழம் பூசிக்கொண்டு தனுசியா. நிலாந்தினியின் விரல் கீழே, கீழே போனது. பெரிய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தேடிப் போனது, சாமத்தியச் சடங்குச் சேலையைத் தேடிப் போனது, ஏஎல் சோதனைக்குப் போன நாளைத் தேடிப் போனது. ஒன்றும் வரவில்லை. மூன்று வயதோடு படங்கள் முடிந்துவிட்டன.

கடைசிப் படம் முன்பள்ளிக்குப் போன முதல்நாள். குட்டிப் பையும் தோளுமாகப் படலையைத் தாண்டிப் போகிற பிள்ளை. முதுகுதான் தெரிந்தது, இரட்டைப் பின்னல் தெரிந்தது.

றஜீபன் பக்கத்தில் இருந்து பார்த்தான். தொடவும் பயம், எழும்பவும் பயம்.

“நான் பேர் சொல்லிக் கூப்பிட்டனான்” என்றாள் நிலாந்தினி. “அவள் திரும்பிப் பாத்துச் சிரிச்சவள். கன்னத்திலை குழி விழ. உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?”

“ஓம்.”

“அது அடுத்த படத்திலை இருந்தது” என்றாள். விரலால் அந்த முதுகை இன்னொருதரம் மேலே தள்ளிப் பார்த்தாள்.