சாம்பல் நிற ஸ்வெட்டரின் பதவி உயர்வு

நிர்வாக உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: நான்காம் மாடிக் கணக்குப் பிரிவில், முழங்கையில் ஒட்டுப்போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று மேலாளராகப் பதவி உயர்வு பெற்றது.

அது அங்கே பில் சரிபார்ப்பவருடையது. மேலாளர் எழுந்திருக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கும் எழுதிவைக்காத, ஆனால் யாரும் மீறாத சட்டம். மேலாளருக்கோ வீட்டுக்குப் போகப் பிடிக்காது. பில்காரரின் மகளுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. அப்பாதான் பிடுங்க வேண்டும் என்று, அம்மாவைத் தொடவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டே தூங்கினாள். ஒரு மாலை அவர் ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, கழிப்பறைக்குப் போகிறவர் போல நழுவினார். வீட்டுக்குப் போனால் மகள், "இன்னைக்கு வேணாம்ப்பா, பயமா இருக்கு. நாளைக்கு" என்றாள்.

காலையில் வந்து பார்த்தால் பில்கள் மொத்தமும் சரிபார்க்கப்பட்டிருந்தன. ஸ்வெட்டரின் கைகள் மேசைமேல் இருந்தன. "என்ன ஒரு உழைப்புய்யா! வாயே திறக்கல, தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல" என்று மேலாளர் உருகினார். துணி என்று தெரிந்த பின்னும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இப்படியொரு ஊழியரை உருவாக்கியதற்காக அவர் மதியமே மேல்மாடிக்கு உயர்ந்தார். அவருடைய கண்ணாடி அறை ஸ்வெட்டருக்கு வந்தது. அங்கிருந்து வந்த முதல் சுற்றறிக்கை, இனி நாற்காலிகளில் யாரும் துணி மாட்டக் கூடாது என்றது. வந்த வழியை இவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்ததில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள், உட்கார்ந்தபடியே.

மாலையில் பில்காரரின் மனைவி போன் செய்தாள். "கிளம்பிட்டீங்களா? பாப்பா ரெடியாம். வாயத் திறந்துக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கா."

"மேனேஜர் இன்னும் எந்திரிக்கலம்மா."

"அது உங்க ஸ்வெட்டர்தானேங்க? நான் ஒட்டுப்போட்டது!"

"மெதுவாப் பேசு. காதுல விழுந்துடப் போகுது."

உள்ளே போய் அதை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தால் தீர்ந்தது. மேலாளர் எழுந்ததாகவும் ஆகும், பிரிவு முழுக்கப் பிழைத்துப்போகும். அவருக்கும் அது தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். பாதி எழுந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒட்டுப்போட்ட கை லேசாக அசைந்தது. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம்.

"இதோ, முடிச்சுடறேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவு வீட்டில் மகள் ரொட்டியைக் கடித்தபோது பல் தானாகவே விழுந்தது.