துவக்கின் வாய்

லோறன்ஸுக்கு வலது காது 2009இல் போனது. மிஞ்சியது இடது காதுதான். "இதையும் கெடுத்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது" என்று காது வைத்தியர் எழுதியே கொடுத்திருந்தார். அந்தக் கடிதம் வந்து அடுத்த மாதமே அவன் துவக்கு திருத்தும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வேறு வேலை கிடைக்கவில்லை.

பிரெஞ்சுத் தலைநகரில், லாச்சப்பலில் ஒரு பின்முற்றத்துக்குக் கீழே இருந்த நிலவறை அது. முதலாளி மர்கரீத். வேட்டைக்காரர்களின் துவக்குகளைத் திருத்தி, அங்கேயே சுட்டுப் பார்ப்பாள். குழலின் நுனியில் பூட்டும் சிறு உருளைகளைத் துப்புரவாக்குவது லோறன்ஸின் வேலை. குண்டோடு வரும் வெடிப்புகை அவற்றின் துளைகள் வழியாகப் பக்கவாட்டில் பீறிடும். தோளில் உதைப்புக் குறையும். மேல் வளையத்தைத் திருகினால் துளைகள் திறக்கும், மூடும். கரி படிந்தால் வளையம் இறுகிவிடும். துவக்கில் குண்டில்லை என்று இரண்டு முறை பார்த்து, உருளையைக் கழற்றி ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, புரியில் ஒரு பொட்டு எண்ணெய் தடவித் திரும்பப் பூட்ட வேண்டும்.

பிரெஞ்சில் அந்த உருளைக்கு 'வாய்ப் பிரேக்' என்று பொருள்படும் ஒரு பெயர். வாய்க்குப் பிரேக் போட்டால் சத்தம் வராதுதானே என்று முதல் நாள் லோறன்ஸ் நினைத்துவிட்டான். மர்கரீத்துக்குப் பக்கத்தில் நின்றவன், காதுக் கவசத்தின் வலப்பக்கத்தை மேலே தள்ளினான். கேளாத காதுக்கு என்னத்துக்குக் கவசம்?

வெடி கன்னத்தில் அறைந்தது. நெஞ்சு அதிர்ந்தது. பிறகு வந்த அமைதியில், ஐந்து வருடம் செத்துக் கிடந்த காதுக்குள் ஒரு குரல் "அண்ணை" என்றது.

அவனுடைய தங்கை தர்சினியின் குரல்.

முள்ளிவாய்க்காலில், பங்கர்க் குழிக்குள், அவள் அவனுக்கு வலப்பக்கம் இருந்தாள். செல் குண்டு விழும்போது காது வெடிக்காமலிருக்க வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அவள் "அண்ணை" என்று எதையோ சொல்லத் தொடங்கியபோது, செல் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்பதற்காக அவளுடைய வாயைப் பொத்தினான். செல் வந்து அவளையும் அவனுடைய வலது காதையும் கொண்டுபோனது. அவள் சொல்ல வந்தது அவனுடைய உள்ளங்கைக்குள் நின்றுவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு வெடிக்கும் அவள் கூப்பிட்டாள். "அண்ணை." அதற்கு மேல் இல்லை.

ஞாயிறு மத்தியானம் அவனுடைய மனைவி இம்மாகுலேற் சோறு போட்டபடி கேட்டாள்.

"துவக்குக்கும் வாய்ப் பிரேக் இருக்காமே? எனக்கும் ஒண்டு கொண்டுவாங்கோவன்."

"அது சத்தத்தைக் குறைக்காது. சுடுறவனுக்கு உதைப்புக் குறையும். சத்தம் முழுக்கப் பக்கத்திலை நிக்கிறவனுக்கு."

"அப்ப என்ரை வாயிலை ஏற்கெனவே ஒண்டு பூட்டிக் கிடக்கு." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "என்னப்பா, நான் இஞ்சையெல்லோ இருக்கிறன். ஏன் மற்றப் பக்கம் தலையைச் சாய்க்கிறியள்? அந்தக் காதாலை ஆரோடை கதை?"

அவன் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவள் சொல்ல வந்ததைக் கேட்டு என்ன செய்யப் போறியள்? இருக்கிற காது எனக்கு வேணும். நான் உயிரோடை கதைக்கிறன்."

"ஓம்" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பன்றி வேட்டைக்காரனின் துவக்கு வந்தது. வளையத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னாள் மர்கரீத்; அளவு மாறினால் குறி விலகும். லோறன்ஸ் அதை முழுதாகத் திறந்து, அது நகராதபடி பூட்டாணியை இறுக்கினான். இதுவரை எல்லாம் பாதிதான் திறந்திருந்தன. அதனால்தான் தர்சினியும் பாதியோடு நிற்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. மர்கரீத் குறி பார்க்கக் குனிந்தாள். அவன் வலக் கவசத்தைத் தள்ளினான். கை இடப்பக்கம் போய்த் தயங்கியது. இம்மாகுலேற் கரண்டியை வைத்தது நினைவுக்கு வந்தது. பிறகு இடக் கவசத்தையும் கழற்றினான்.

வெடித்தது.

"அண்ணை, கால் விறைச்சுப் போச்சு. கொஞ்சம் தள்ளி இரு."

அவ்வளவுதான். அதற்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

குண்டு இரண்டு விரல் தள்ளிப் பட்டிருந்தது. மர்கரீத் வளையத்தைக் காட்டி அவனிடம் கத்தினாள். அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன. இடது காதில் ஒரு விசில், வேறொன்றுமில்லை.

பின்னேரம் வீட்டில் சோபாவில் இருந்தான். இம்மாகுலேற் இடப்பக்கம் வந்திருந்து ஏதோ கேட்டாள், திரும்பக் கேட்டாள், பிறகு அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கத்தினாள். விளங்கியதும் அழுதாள். லோறன்ஸ் அவள் பக்கமாகத் தள்ளி இருந்தான். ஆறுதலுக்குத்தான் கிட்ட வருகிறான் என்று அவள் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் இருக்குமளவு இடம் வந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம், அண்ணை."