குளிர்சாதன வசதி உண்டு

என் அக்கா பெருந்தேவிக்கு மாப்பிள்ளை வீட்டார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மண்டபத்தில் ஏ.சி. இருக்க வேண்டும். நகை, பாத்திரம், ஸ்கூட்டர் எதைப் பற்றியும் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நல்லவர்களைப் பார்த்ததே இல்லை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஏ.சி. மண்டபம் தேடப் புறப்பட்டார். திரும்பி வந்தபோது, நகையே கேட்டிருக்கலாம் என்றார்.

அவர்கள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நரசிம்மன் பங்குனியில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். வெயிலும் புழுக்கமும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா காந்திமதி தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"ஏ.சி. நின்னுச்சுன்னா அவர கார்ல ஏத்திக்கினு போய்க்கினே இருப்போம். அப்பா இல்லாம எம்புள்ள தாலி கட்ட மாட்டான். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மனஸ்தாபம் வரக்கூடாது பாருங்க."

மாப்பிள்ளை ரகு குனிந்த தலை நிமிராமல் ஆமாம் என்று ஆட்டினார். அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. ஏற்கெனவே இரண்டு இடங்கள் வெற்றிலை பாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தன. அப்பா தட்டை வாங்கிக்கொண்டார்.

தண்டலம் தாண்டி, பெங்களூர் ரோட்டு ஓரத்தில் ஒரு மண்டபம் கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்த காலம். கம்பெனி வந்தால் ஆபீசர் வருவான், ஆபீசருக்குப் பெண் பிறக்கும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் என்று தொலைநோக்கோடு கணக்குப் போட்டு அதைக் கட்டியிருந்தார்கள். வாசலில் 'குளிர்சாதன வசதி உண்டு' என்று நீலப் பெயின்ட்டில் எழுதி, எழுத்தின் மேல் பனிக்கட்டி தொங்குவதுபோல் படமும் போட்டிருந்தது. அந்தப் படம்தான் அப்பாவை வீழ்த்தியது.

மெஷினுக்குப் பத்து வயது என்றார் மண்டப முதலாளி. அவர் அந்தப் பக்கம் போனதும், மெஷினை ஓட்டுகிற யாக்கோபு அண்ணன் இருபது என்றார். அம்பத்தூரில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து லாரியில் வந்து இறங்கியதாம். அக்காவுக்கு ஜாதகம் இருந்ததால் வயதைக் குறைக்க முடியவில்லை. ஏ.சி.க்கு ஜாதகம் கிடையாது.

இந்த மாதிரி மெஷின் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷம் உழைக்கும் என்றார் யாக்கோபு அண்ணன். பார்த்துக்கொள்வது என்றால், காற்று உள்ளே போகிற வழியில் இருக்கும் பில்டரை வாரா வாரம் கழுவ வேண்டும். இங்கே போர் தண்ணீர் உப்பு, குழாயில் படியும் காரையை வருஷா வருஷம் சுரண்ட வேண்டும். பெல்ட், கேஸ் எல்லாம் பார்க்க வேண்டும். முதலாளி என்ன செய்கிறார் என்று கேட்டேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறார் என்றார். பில்டரைக் கழுவக் கழுவத் தேய்ந்துபோகும் என்பது முதலாளியின் கட்சி.

நான் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் கல்யாணத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை ஏ.சி.யைப் பார்த்துக்கொள்வது. அதுவரைக்கும் நான் ஏ.சி.யை அனுபவித்தது சினிமா தியேட்டரில், இடைவேளை வரை. இதை அப்பாவிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

கல்யாணத்தன்று விடியுமுன்னே யாக்கோபு அண்ணன் மெஷினைப் போட்டுவிட்டார். காலி மண்டபம் சில்லென்று ஆனது. பெரியபாளையத்திலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் ஜமக்காளத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டு, பணக்காரர்கள் எப்படித்தான் பிழைக்கிறார்களோ என்று பரிதாபப்பட்டார்கள். அப்பாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

ஒருவருக்கு மட்டும் கோபம். அப்பாவின் அக்கா சந்திரம்மாள் அத்தை. குத்துவிளக்கு அத்தையின் பொறுப்பு. மேடையருகே ஏற்றி வைத்த விளக்கை ஏ.சி. காற்று ஊதி ஊதி அணைத்தது. முகூர்த்த நாளில் விளக்கு அணைவதாவது என்று அத்தை காற்றை ஒரு பாட்டம் திட்டினார். பிறகு விளக்கைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போனார். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினார்கள். நரசிம்மனை முதல் வரிசையில், சுவரில் ஏ.சி. காற்று வரும் ஜன்னலுக்கு நேராக உட்காரவைத்தோம். அம்பாசிடரை டிரைவர் ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். டிபன் சாப்பிடக் கூப்பிட்டேன். வண்டியைவிட்டு நகரக் கூடாதென்று காந்திமதி அம்மா சொல்லியிருக்கிறார்கள் என்றார். இட்லியை நான் வண்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய கால் பிரேக்கில் இருந்ததா ஆக்ஸிலேட்டரில் இருந்ததா என்று குனிந்து பார்த்தேன்.

கூட்டம் சேர்ந்தது. ஐயர் மணையில் உட்கார்ந்து ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கத் தொடங்கினார். அப்போது எனக்குப் பின்கழுத்தில் ஒரு துளி வியர்வை இறங்கியது. பயத்தில் வருவது என்று முதலில் நினைத்தேன். சுற்றிப் பார்த்தால் எல்லோரும் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்குமா பயம் இருக்கும்? காற்று வரும் ஜன்னலுக்குக் கீழே போய்க் கையை நீட்டினேன். நோயாளி மூச்சு விடுவதுபோல் ஏதோ வந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் மெஷின் ஷெட்டுக்கு ஓடினேன். யாக்கோபு அண்ணன் ஸ்டூலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே காற்றே வரவில்லை என்றேன். அவர் எழுந்து குழாயைக் காட்டினார். விரல் தடிமனுக்கு வெள்ளை வெளேரென்று ஐஸ் படிந்திருந்தது.

"இன்னா தம்பி, ஐஸே கட்டிக்கினு கீது, கூலிங் இல்லன்ற. காலைலேர்ந்து ஒரு வாட்டிகூட நிக்கல. ராஜா மாரி ஓடுது."

பின்னால் ஐஸ், முன்னால் புழுக்கம், நடுவில் என் அக்காவின் கல்யாணம். அண்ணன் மேடைக்குப் பின்னால் இருந்த அறையைத் திறந்தார். குளிர் உண்டாகிற குழாய்ச் சுருள், காயில் என்பார்கள், அங்கேதான் இருந்தது. அது தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு ஐஸ் பாளம் இருந்தது. காற்று புகுந்து போக இம்மி இடமில்லை. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். ஆயுசு முடிந்துவிட்டது தம்பி, கெட்டி ஆயுசுதான், இருபது வருஷம் பெரிய விஷயம் என்று இழவு வீட்டில் பேசுவதுபோல் பேசினார்.

எனக்கு அவர் முதலில் சொன்னது மண்டையில் உறுத்தியது. ஒருவாட்டிகூட நிற்கவில்லையாம். தியேட்டர் ஏ.சி.கூட நின்று நின்றுதான் ஓடும். மண்டபம் குளிர்ந்ததும் மெஷினை நிறுத்துவதற்குச் சுவரில் ஒரு பெட்டி உண்டு, தெர்மோஸ்டாட். பரீட்சையில் அதற்குப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டேன். வாசல் மூலையில், தூணுக்குப் பின்னால் என்றார்.

மூலையில் பெட்டி இருந்தது. பெட்டிக்கு நேர் கீழே, ஸ்டூலின் மேல், அத்தையின் குத்துவிளக்கு ஐந்து முகத்தோடு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அத்தை. மண்டபத்திலேயே காற்றடிக்காத இடம் இது ஒன்றுதான், தேடிக் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொன்னார். பெட்டியைத் தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. பாவம், அந்தப் பெட்டி மண்டபமே தீப்பற்றி எரிகிறது என்று நம்பி, விடிந்ததிலிருந்து மெஷினை ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறது. கழுவாத பில்டரும் சேர்ந்துகொண்டதில் காயில் உறைந்து போயிருக்கிறது.

விளக்கை எடுக்கச் சொன்னேன். அத்தை முறைத்தார். தாலி ஏறும்வரை விளக்கு அணையக் கூடாது என்றார். அணைக்க வேண்டாம், நகர்த்தினால் போதும் என்றேன். ஒரு பெட்டிக்காகச் சாமி விளக்கை நகர்த்துகிற படிப்பு என்ன படிப்பு என்று கேட்டார். ஜன்னல் வழியாக அம்பாசிடரைக் காட்டினேன். அத்தை அதை எட்டிப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எரிகிற விளக்கை இரண்டு கையாலும் தூக்கினார். நான் துண்டை விரித்து மறைத்துக்கொண்டே முன்னால் நடந்தேன். மணமகள் அறையில் கொண்டுபோய் வைத்தோம். ஒரு முகம்கூட அணையவில்லை.

அக்கா மாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"அப்புறம் ஏன்டா உனக்கு இப்டி வேர்த்து ஊத்துது?"

"எல்லாருக்கும்தான் ஊத்துது," என்று வாய் தவறிவிட்டது. அவள் முகத்தில் மை தவிர மற்றதெல்லாம் வெளுத்தது. மாலையில் ஒரு ரோஜாவைப் பிடித்து இதழ் இதழாகக் கிள்ளத் தொடங்கினாள்.

யாக்கோபு அண்ணனிடம் சொன்னபோது அவர் முகத்தில் உயிர் வந்தது. ஆனால் ஐஸ் உருக வேண்டுமென்றால் கம்ப்ரஸரை நிறுத்தி, காற்றாடியை மட்டும் ஓடவிட வேண்டும் என்றார். நிறுத்துவதா? அப்பாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏ.சி.ய நிறுத்தணும்பா. நிறுத்தினாதான் காத்து வரும்."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் காலேஜில் உன்னைச் சேர்த்தேன் என்று மெதுவாகக் கேட்டார். முதல் வரிசையில் காந்திமதி கணவரின் நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார். ஒற்றிவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அதை அப்பாவும் பார்த்தார்.

"நிறுத்தித் தொல," என்றார்.

அண்ணன் கம்ப்ரஸரை நிறுத்தினார். இருபது வருஷத்துச் சத்தம் அடங்கியதும் ஷெட்டே அநாதையானது போலிருந்தது. சமையல்காரரிடம் அண்டாவிலிருந்து வெந்நீர் வாங்கி, குடம் குடமாகக் காயிலின் மேல் ஊற்றினோம். பாளம் விரிசல் விட்டது. அண்ணன் பில்டரைக் கழற்றி வெளியே எறிந்தார். பிறந்ததிலிருந்து குளிக்காதது அது. காற்றாடி ஒரு முறை இருமியது. அப்புறம் ஐஸ் இடுக்குகளில் புகுந்து காற்று போகத் தொடங்கியது. போன காற்று ஐஸைத் தடவிக்கொண்டு போனதால் ஜில்லென்று போயிற்று.

மண்டபத்துக்குள் ஓடி வந்தேன். காற்றோடு சேர்ந்து தண்ணீர்த் துளிகளும் கூட்டத்தின் மேல் தெறித்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டுக்கார அம்மாள் ஒருவர் பன்னீர் தெளிக்கிறார்கள் என்று கண்ணை மூடி முகத்தைக் காட்டினார். வாசனைதான் இல்லை என்று பக்கத்திலிருந்தவர் குறைப்பட்டார். காந்திமதி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அப்பாவைக் கூப்பிட்டு, இப்போதுதான் ஏ.சி. சரியாக வேலை செய்கிறது என்றார். நிறுத்திவைத்த ஏ.சி.க்காக அப்பா அடக்கமாகக் கை கூப்பினார்.

மிச்சமிருந்த ஐஸ்தான் மிச்சமிருந்த குளிர். அது தீருவதற்குள் தாலி ஏற வேண்டும். கம்ப்ரஸரை மறுபடி போட்டால் எழுந்திருக்குமா என்று கேட்டதற்கு அண்ணன் மேலே கையைக் காட்டியிருந்தார். ஐயரோ சங்கல்பத்தில் ஒவ்வொரு தீவாக, ஒவ்வொரு நதியாகச் சொல்லிக்கொண்டு நிதானமாக வந்துகொண்டிருந்தார். நான் மேடைக்குப் பின்னால் ஓடி ஐஸைப் பார்ப்பதும், முன்னால் ஓடி ஐயரைப் பார்ப்பதுமாக இருந்தேன். பாளம் பலகையானது. பலகை தட்டானது. ஐயர் காதருகே போய், கொஞ்சம் சீக்கிரம் சாமி என்றேன். அவசரத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசு இருக்கிறது என்றார். அப்பா குனிந்து அவர் காதில் என்ன சொன்னாரோ தெரியாது, அடுத்த இரண்டு நதிகளை ஐயர் ஒரே மூச்சில் தாண்டினார்.

கெட்டிமேளம் என்று குரல் எழுந்தபோது காயிலின் ஓரத்தில் ஒரு கைப்பிடி ஐஸ் இருந்தது. ரகு தாலியைக் கட்டினார். நரசிம்மன் எழுந்து நின்று அட்சதை போட்டார். அக்கா தலை நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் அட்சதையைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தேன்.

கூட்டம் கலைந்தபோது நரசிம்மன் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். காலையிலிருந்து நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். மெஷினுக்கு என்ன வயது என்று கேட்டார். பத்து என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இருபது என்றுதான் வந்தது. ஆயுசு எவ்வளவு என்றார். பதினைந்து மாமா, நன்றாகப் பார்த்துக்கொண்டால், என்றேன்.

"எனுக்கு டாக்டர் அஞ்சு சொல்லிக்கீறாரு," என்றார். "காந்திமதி அத பத்தாக்கப் பாக்குறா. காலைலேர்ந்து ஒரு வாய் காபி குடுக்கல. பந்தி எங்க?"

அவர் எழுந்து நடந்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன். சாப்பாட்டுக் கூடம் மண்டபத்துக்குப் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. அங்கே ஏ.சி. கிடையாது. அதைப் பற்றி நிச்சயதார்த்தத்தில் ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கம் கோட்டை அடுப்பு, மேலே உச்சி வெயில். மாமா, மாமா என்று கூப்பிட்டேன். அவர் முதல் இலையில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, சாம்பாரைக் கை காட்டி வரவழைத்தார். வடை இரண்டு கேட்டார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மீசையில் நின்றது. நான் எதிரில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் வாழைக்காய்ப் பொரியல் வாளியின் மூடியால் அவருக்கு விசிறினேன். வாசலில் காந்திமதியின் குரல் கேட்டது.

நரசிம்மன் நிமிர்ந்து பார்த்தார்.

"தள்ளி நில்லு தம்பி," என்றார். "பாயசம் வர வழியில நிக்கிற."