சூறாவலி பனியன்

ராஜராஜனுக்கு நான் தரவேண்டியது எழுநூற்று எண்பது ரூபாய். பனியன் ஒன்று அறுபது ரூபாய், மொத்தம் பதின்மூன்று பனியன். 1998இல் ஏற்பட்ட கடன். இந்தச் சித்திரை வரை அதில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. குறையாததற்குக் காரணம் நான் அல்ல. மூன்று தடவை பணத்தைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். மூன்று தடவையும் என் கையை மடக்கிவிட்டு, "இருக்கட்டும்டா, எங்க ஓடிடப் போற" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

வாங்கிக்கொண்டால் கடன் தீர்ந்துவிடுமே. தீராமல் இருந்தால்தான் பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுக்கு நான் வெள்ளையடிக்க முடியும். ஆண்டிமடத்தில் இருக்கிற முந்திரிக் குடோனுக்கு அடிக்க முடியும். அவர் மகள் கல்யாணத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் நூற்றிருபது அடிக்கும் அடிக்க முடியும். கூலி என்று வாயெடுத்தால், "அந்த எழுநூத்தி எண்பது நிக்கிதுல்ல, அதுக்கு வட்டியா வெச்சிக்க" என்பார். இருபத்தாறு வருஷத்து வட்டியில் அவர் சுவர்கள் பளிச்சென்று இருக்கின்றன.

ராஜராஜன் கீழப்பழுவூரில் நிலமுள்ள குடும்பத்தின் இளைய பிள்ளை. வயது ஐம்பத்தெட்டு ஆகியும் எங்களுக்கு அவர் சின்னவர்தான். நான் கருப்பண்ணன், வெள்ளையடிக்கிறவன். பெயரையும் தொழிலையும் சேர்த்துச் செய்யக்கூடிய கேலியை எல்லாம் ஊரில் செய்து முடித்துவிட்டார்கள். நீங்கள் புதிதாக யோசிக்க வேண்டாம்.

கடன் வந்த கதை இதுதான். அந்தக் காலத்தில் சின்னவர் ஒரு கபடிக் குழு வைத்திருந்தார், கேப்டனும் அவர்தான். பெயர் சூறாவளி. பெரம்பலூர் மாவட்டம் புதிதாகப் பிறந்திருந்த சமயம். மாவட்டத்துக்கே நாமதான் குழு என்று அவராகவே சொல்லிக்கொண்டார். பதின்மூன்று மஞ்சள் பனியன் வாங்கி, நெஞ்சில் பெயர் எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஊரில் பிரஷ் வைத்திருந்தவன் நான்தான் என்பதால் கொடுத்தார். எனக்கு எழுத்து தெரியாது என்பது அவருக்கும் தெரியும். "படிக்கவா சொல்றேன், படம் மாதிரி பாத்து வெட்டுடா" என்று ஒரு சிகரெட் அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர் பத்தாவது பாஸ்.

சின்னவரின் முழங்கால் எக்ஸ்ரே படம் ஒன்று வீணாகக் கிடந்தது. அதை வாங்கி, அட்டையைப் பார்த்துப் பிளேடால் எழுத்துகளை வெட்டியெடுத்தேன். ஓட்டை வழியாகப் பனியனில் சிவப்புப் பெயிண்ட் ஒற்றினேன். கடைசி எழுத்துக்குக் கீழே எல்லாப் பனியனிலும் ஒரு சொட்டு வழிந்தது. மற்றபடி நல்ல வேலை என்றுதான் நினைத்தேன்.

அரியலூரில் முதல் ஆட்டம். குழு களத்தில் இறங்கியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான், "ஏம்ப்பா, வலி எங்க, முட்டியிலயா இடுப்புலயா?" இன்னொருவன் தைல பாட்டிலைத் தூக்கி எறிந்தான். சூறாவளி என்று இருக்கவேண்டிய இடத்தில் சூறாவலி என்று இருந்தது. வளி என்றால் காற்று. வலி என்றால் வலிதான், உங்களுக்கே தெரியும். அன்று முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

அன்று சாயங்காலம் சின்னவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "நீங்க எழுதிக் குடுத்தபடிதாங்க வெட்டுனேன்" என்றேன். "தற்குறிப் பயலே, நான் எழுதுனத நீ படிச்சியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிகரெட் அட்டை பெயிண்டில் ஊறி எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. பதின்மூன்று பனியனும் என் கணக்கில் ஏறின. படிக்கத் தெரியாதவன், பத்தாவது பாஸ் ஆனவரை எப்படிச் சந்தேகப்படுவது? அன்றிலிருந்து ஊரில் என் பெயர் எழுநூத்தியெண்பது.

குழு மூன்று வருஷம் அதே பனியனோடு ஆடியது. பத்தொன்பது ஆட்டத்தில் இரண்டு வெற்றி. அதில் ஒன்று, எதிர்க்குழுவின் வேன் குன்னம் பக்கத்தில் நின்றுபோனதால் கிடைத்தது. அப்புறம் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். குழுவில் நாலு பேர் பெரம்பலூர்ப் பக்கம், மிச்சப்பேர் அரியலூர்ப் பக்கம். இனி எந்த மாவட்டத்துக் குழு என்று முடிவுசெய்யக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் இரண்டு நாற்காலி உடைந்தன, குழுவும் உடைந்தது. அடுத்த வருஷமே அரசாங்கம் மாவட்டத்தை மறுபடி சேர்த்துவிட்டது. குழுவைச் சேர்க்க யாரும் வரவில்லை. பிறகு மாவட்டத்தைத் திரும்பவும் பிரித்தார்கள். அதற்குள் ஆட்டக்காரர்களுக்குத் தொப்பை வந்துவிட்டது.

மூன்று வருஷம் முன்னால் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஐம்பத்தோரு வயதில் அ எழுதினேன். இலக்கியா டீச்சர் ஒருநாள் பலகையில் லவையும் ளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பிளேடு பிடித்த கை எங்கே சறுக்கியது என்று தெரியவில்லை, ஆனால் சறுக்கியிருக்கிறது. நான்தான் கெடுத்திருக்கிறேன் என்று அன்று எனக்கு நிச்சயமானது. வீட்டுக்கு வந்து என் மனைவி ஆண்டாயியிடம் சொன்னேன். "இதத் தெரிஞ்சிக்கவா பள்ளிக்கூடம் போன? சும்மா இருந்திருந்தா பாதி சந்தேகமாச்சும் மிஞ்சியிருக்கும்" என்றாள்.

இந்தச் சித்திரையில் சென்னையிலிருந்து ஒரு பனியன் கம்பெனி வந்தது. கலைந்துபோன குழுக்களின் பழைய பனியனை அதே மாதிரி அச்சடித்து விற்கிற கம்பெனி. அதை நடத்துகிற வினோதினி என்ற பெண், வரதராஜன்பேட்டை பக்கம் காரில் போகும்போது ஒரு சோளக்கொல்லைப் பொம்மையைப் பார்த்திருக்கிறார். பொம்மையின் நெஞ்சில் சூறாவலி. காரை நிறுத்தி, கொல்லைக்காரரிடம் இருநூறு ரூபாய் கொடுத்து, பொம்மைக்கு மாற்றுச் சட்டையும் போட்டுவிட்டுப் பனியனைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். பொம்மைக்குச் சட்டையில்லாமல் விடக்கூடாது என்ற நல்ல மனசு.

அதை அச்சு அசலாக எடுத்துவிட்டார்கள். விலை ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. விற்பதற்கு முன் மூன்று முறை கல்லோடு போட்டுத் துவைத்து வெளுக்க வைப்பார்களாம். "நான் முப்பது வருஷமா தொவச்சி வெளுக்க வெக்கிறேன், எவனும் வெல ஏத்தலியே" என்றாள் ஆண்டாயி.

விற்பனைக்கு முன்னால் கேப்டனைப் படம்பிடிக்க வருவதாகத் தகவல் வந்தது. சின்னவர் எனக்கு ஆள் அனுப்பினார்.

"டே கருப்பண்ணா, நாளைக்கிக் காலையில மெட்ராஸ்காரங்க வராங்க. அந்தப் பழைய களத்துச் சுவரு அசிங்கமா கெடக்கு. இன்னிக்கே வெள்ளையடிச்சி வுட்டுடு."

"கூலிங்க?"

"என்னடா புதுசா கேக்குற. எழுநூத்தி எண்பது நிக்கிதுல்ல."

அடித்தேன். இரண்டு கை பூசினேன். மறுநாள் வினோதினி காரிலிருந்து இறங்கிச் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், போன வாரம் போட்டோல பாசி புடிச்சு, காரை பேர்ந்து, எவ்ளோ அழகா இருந்துச்சு. யார் இத இப்படிப் பண்ணது?"

சின்னவர் என்னைக் காட்டினார். அவருக்கு அந்த விரல் பழக்கம் உண்டு.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இத மறுபடி பழசாக்க முடியுமா?"

வெள்ளையடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அடித்ததைப் பழசாக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. தகட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.

சுவரின் மறுபாதியில் நாற்காலி போட்டுச் சின்னவரை உட்காரவைத்தார்கள். புதுப் பழைய பனியனைப் போட்டிருந்தார். தொப்பைமேல் வலி விரிந்து நின்றது. அச்சில் அந்தப் பெயிண்ட் சொட்டைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள். பதின்மூன்று பனியனிலும் எனக்குத் திட்டு வாங்கித்தந்த சொட்டு அது. பனியனில் கட்டியிருந்த அட்டை ஒன்று கீழே விழுந்தது. எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். "தோல்வியை அறியாத மண்ணின் மைந்தர்கள்" என்று இருந்தது. பதினேழு தோல்வியை அறிந்த நான் அதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கேமராவை ஓடவிட்டு வினோதினி கேட்டார்.

"சார், எல்லாரும் கேக்கப்போற கேள்வி இதான். சூறாவளிங்கிறது காத்து. நீங்க அதுல வலியக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க. உழைக்கிறவங்களோட வலி ஒருநாள் சூறாவளியா அடிக்கும்னு நாங்க புரிஞ்சிக்கிட்டோம். ரெண்டு வார்த்தையையும் ஒண்ணாக்குனது யாரோட யோசனை?"

சின்னவரின் விரல் வழக்கப்படி என் பக்கம் கிளம்பியது. பாதி தூரம் வந்தது. அவர் முகத்தில் என்னவோ ஓடியது. விரல் அப்படியே திரும்பிப் போய் அவர் நெஞ்சிலேயே இறங்கியது.

"நான்தாம்மா. வேணும்னேதான் அப்படி எழுதச் சொன்னேன். கபடின்னா வலி இருக்கணும். அன்னிக்கி யாருக்கும் புரியல. சிரிச்சாங்க. நான் கண்டுக்கல."

என் கைத் தகடு நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்கமாட்டேன். இந்த உலகத்தில் நான் செய்த ஒரே பேர்போன காரியம் அந்தத் தப்புதான். அதையும் அவர் எடுத்துக்கொண்டார். அது நான் வெட்டியது என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் அட்டையில் என் பெயரைப் போடுவார்களோ என்னவோ. ஆனால் தப்பு என்னுடையது என்று ஆனால் கடனும் என்னுடையதுதான். தப்பு அவருடையது என்றால்? சுண்ணாம்புத் தூளைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"சின்னவரே, அப்ப அந்த எழுநூத்தி எண்பதுங்க?"

"என்னது அது?" என்றார் வினோதினி. கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லம்மா, இவரு நம்ம ஆளு, கருப்பண்ணன். வாங்க கருப்பண்ணன், வாங்க" என்றார் சின்னவர். அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு ங்க வந்தது அன்றுதான்.

"பேர தப்பா எழுதிட்டேன்னு பதிமூணு பனியனுக்கும் என் பேர்ல கடன் வெச்சாருங்க. இருவத்தாறு வருசமா நிக்கிது. வேணும்னேதான் எழுதச் சொன்னாருன்னா, நான் சொன்னத செஞ்சவந்தானுங்களே."

"சார், நெஜமாவா?"

"அது சும்மா தமாசும்மா."

"தமாசுங்களா? அதுக்கு நூத்தியிருவது அடி காம்பவுண்டு அடிச்சிருக்கேங்க. தமாசுன்னா தள்ளுபடி பண்ணிடலாமுங்களே."

சின்னவர் கேமராவைப் பார்த்தார். அது கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "பண்ணியாச்சு, போங்க" என்றார்.

"வாயால சொன்னா ஊர்ல நம்பமாட்டாங்க. எழுதிக் குடுத்துடுங்க. நான் இப்பப் படிப்பேன்."

"எழுதுங்க சார், ரொம்ப அழகான ஷாட் இது" என்று வினோதினி பேனாவை எடுத்துக் கொடுத்தார். நான் பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினேன். சின்னவர் அதைத் திருப்பி, தொடையில் வைத்து எழுதி, கையெழுத்தும் போட்டு என் கையில் கொடுத்தார்.

நான் மெதுவாகத்தான் படிப்பேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் கண் போகும். அன்றும் அப்படித்தான் போனது. கருப்பண்ணன் பாக்கி ரூ. 780. அதற்கடுத்த வார்த்தையில் கண் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். மறுபடியும் அதேதான். இலக்கியா டீச்சர் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய அந்த இரண்டு எழுத்து.

தல்லுபடி என்று எழுதியிருந்தார்.

பிளேடு பிடித்த என் கை அன்றைக்குச் சறுக்கவில்லை. படம் மாதிரி பார்த்து, இருந்தது இருந்தபடி வெட்டியிருக்கிறது.

"என்ன, சரியா இருக்கா?" என்றார் சின்னவர்.

அட்டையை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்தேன்.

"நீங்க எழுதிக் குடுத்தபடிதாங்க இருக்கு" என்றேன்.