தைலமரங்களின் பங்காளி

முதலில் மேய்ச்சல் காட்டை அரசு எடுத்துக்கொண்டது. அடுத்து, அதில் தைலமரம் நட்டது. அதன்பின் ஊருணி வற்றியது. கடைசியாக, காட்டை ஊராரும் சேர்ந்து நிர்வகிக்கட்டும் என்று வனக்குழு அமைத்து, அங்கேயே குடியிருப்பவர்கள் என்ற முறையில் தைலமரங்களையும் உறுப்பினராக்கியது.

முதல் மூன்றையும் எதிர்த்துப் போராடி, வழக்காடி, சிறை சென்று மீண்ட அடைக்கலத்துக்கு நாலாவதுதான் தொண்டையில் சிக்கிய முள். பாதி மரத்தை வெட்டி நாட்டு மரம் வைத்தால் ஊருணி ஊறும். ஆனால் குழு கைதூக்கித்தான் முடிவெடுக்கும். மரங்கள் எந்நேரமும் கைதூக்கியே நின்றன. வனவர் ஞானதுரை வந்து உட்கார்ந்ததும், "காடு இப்படியே இருக்கலாமா?" என்பார். பெரும்பான்மை. கூட்டம் முடிந்தது.

"அந்தாளு கேக்குறதுக்குள்ள நீங்க முந்திக் கேட்டா என்னவாம்?" என்றாள் வெறுங்குடத்தோடு வந்த குழு உறுப்பினர் செகப்பாயி.

"எதிராளி பேசாம எப்படித்தா எதிர்க்கிறது?"

"நல்லா எதிர்த்தீக போங்க. நாக்கு வறண்டு கெடக்கோம்."

அடுத்த கூட்டத்தில், வனவர் நாற்காலியைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோதே அடைக்கலம் எழுந்தார். வாழ்நாளில் முதன்முறையாக முந்திப் பேசினார். "பாதி மரத்தை வெட்டி நாட்டு மரம் வைக்கலாமா?"

மரங்கள் கைதூக்கியிருந்தன. தீர்மானம் நிறைவேறியது.

வெட்டு நாளில் வனவர் மறித்தார். "உறுப்பினர் சாவு. பங்காளி மொட்டை போடணும்."

"மரத்துக்கு ஏதுய்யா பங்காளி?"

"இதுக மேல காலமெல்லாம் கேஸ் நடத்துனது யாரு? பங்காளியத் தவிர எவன் அப்படி விடாம வழக்காடுவான்?"

அடைக்கலம் சிறையிலும் மழிக்காத மீசையைத் தடவினார்.

"மீசை தானா முளைச்சுரும், ஊருணி முளைக்காது. உக்காருங்கண்ணே" என்றாள் செகப்பாயி.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலையும் மீசையும் போயின. முதல் மரம் சாய்ந்தது. இறந்த உறுப்பினர் இடம் பங்காளிக்கு என்பது குழு விதி. அந்த இடத்தில் நாட்டு மரம் இருக்க வேண்டும் என்பது தீர்மானம். இரண்டையும் கூட்டிப் பார்த்த வனவர் குழியைக் காட்டினார்.

"நான் கொண்டாந்த தீர்மானம்யா இது" என்று முணுமுணுத்தபடியே அடைக்கலம் அதில் இறங்கி நின்றார். மண் அணைத்தார்கள். கைகளைத் தூக்கிக்கொண்டார். எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு குடம் தண்ணீரைச் செகப்பாயி அவர் காலடியில் ஊற்றினாள்.

வனவர் ஊராரைச் சாட்சிக்கு அருகே கூப்பிட்டு, பதிவேட்டில் எழுதியதை உரக்க வாசித்தார்:

"நாட்டு மரம். பெயர், அடைக்கலம்."